சுப்பாராவும் மேற்கோள் கணக்கும்



நம் வட்டப் பாடத்தில் விஞ்ஞானி என்று வந்தால் சி.வி. ராமன், ராமானுஜன், அப்துல் கலாம் என்று மூன்று பேரோடு நின்றுவிடுகிறோம். மூவரும் பெரியவர்கள், அதில் பேச்சே இல்லை. ஆனால் இந்த மாதம் நான் எடுத்திருப்பது எல்லாப்பிரகட சுப்பாராவ். ஹுத்தான் மெலிந்தாங்கில் நடக்கும் ஞாயிறு வகுப்பில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர் யார் என்று கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. "சரி, ஏ.டி.பி. தெரியுமா?" என்றேன். படிவம் நான்கு பிள்ளைகள் முதற்கொண்டு எல்லாரும் கை தூக்கினாங்க. "செல்லுக்குச் சக்தி கொடுக்கிறது, அண்ணே" என்று பதிலும் வந்தது.

அந்த ஏ.டி.பி.யை உலகத்தில் முதலில் கண்டுபிடித்தவை இரண்டு குழுக்கள். அதில் ஒன்றில் இருந்தவர்தான் இந்த சுப்பாராவ். பொருள் எல்லாருக்கும் தெரிகிறது, ஆளை யாருக்கும் தெரியவில்லை. ஏன் இப்படி ஆகிறது என்பதுதான் பாடம்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. நம் வட்டத்தில் ஒரு தங்கை பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். தாத்தா, பாட்டி இருவரும் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். மேல்படிப்புக்குப் போய் ஆராய்ச்சி செய்வதா, இல்லை தெலுக் இந்தானில் ஏதாவது ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்வதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். வகுப்பில் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியரின் பக்கத்தைக் காட்டினார்களாம். உயிரணு ஆய்வில் பெரிய ஆள். அவர் பெயருக்கு நேராகப் பல ஆயிரம் மேற்கோள், பக்கத்திலேயே எச்-இன்டெக்ஸ் என்று இன்னொரு எண். "இதைப் பார்த்ததும் எனக்குப் பயமா போச்சுண்ணே. இந்த நம்பர் இல்லாட்டி ஆராய்ச்சியில மதிப்பே இல்லையா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நான் பல வருஷம் மருத்துவ ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவன், ஆராய்ச்சியாளன் இல்லை. ஆனாலும் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று ஓரளவு தெரியும்.

மேற்கோள் என்பது என்ன?

ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர், "இந்த முறையை இன்னாரிடமிருந்து எடுத்தேன், இந்த முடிவை இன்னார் முன்பே சொல்லியிருக்கிறார்" என்று கடைசியில் ஒரு பட்டியல் போடுவார். அந்தப் பட்டியலில் உங்கள் கட்டுரை ஒரு தடவை வந்தால் உங்களுக்கு ஒரு மேற்கோள். அவ்வளவுதான். கோயில் உபயப் பலகையில் பெயர் எழுதுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யாரை யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை உலக அளவில் திரட்டி ஒரு பெரிய அட்டவணையாக்கியவர் அமெரிக்கர் யூஜின் கார்ஃபீல்ட். அவருடைய அறிவியல் மேற்கோள் அட்டவணை 1964-இல் முறையாக வெளிவரத் தொடங்கியது. நூலகங்களுக்கு உதவும் என்றுதான் ஆரம்பித்தார். ஒரு பழைய கட்டுரையைப் பிடித்தால், அதைப் பயன்படுத்திய புதிய கட்டுரைகளை எல்லாம் தேடி எடுக்கலாம் அல்லவா? பிறகு அதே அட்டவணை ஆட்களை நிறுக்கும் தராசாக மாறிவிட்டது. எச்-இன்டெக்ஸ் இன்னும் புதுசு. ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியல் பேராசிரியர் 2005-இல் சொன்னது. ஒருவருடைய கட்டுரைகளில் 10 கட்டுரைகள் தலா 10 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 10. நூறு கட்டுரை எழுதியும் யாரும் தொடவில்லை என்றால் பூஜ்யம். ஒரே ஒரு கட்டுரை எழுதி அது லட்சம் தடவை வந்தாலும் எண் 1-தான்.

இப்போது ஒரு வேடிக்கை. உலகத்தில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது என்று நினைக்கிறீர்கள்? ஐன்ஸ்டீன் எழுதியதா? டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொன்ன 1953-ஆம் ஆண்டுக் கட்டுரையா? இல்லை. 2014-இல் 'நேச்சர்' இதழ் முதல் நூறு கட்டுரைகளைப் பட்டியல் போட்டபோது அந்த டி.என்.ஏ. கட்டுரை நூறுக்குள்ளேயே வரவில்லை. முதலிடம் ஆலிவர் லோரி என்பவர் 1951-இல் வெளியிட்ட கட்டுரைக்கு. மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள். ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் வழி, அவ்வளவுதான் அதில் இருப்பது. இரண்டாம், மூன்றாம் இடங்களும் புரதத்தைப் பிரிக்கும், அளக்கும் முறைகளுக்கே. காரணம் எளிது. வீடு கட்டுகிறவர் எல்லாருக்கும் அளவு நாடா வேண்டும். அந்த வீட்டை வரைந்த பொறியாளர் ஒருவருக்குத்தான் பயன்படுவார்.

சுப்பாராவுக்கும் அப்படி ஓர் அளவு நாடா உண்டு.

மூன்றாவது முயற்சியில் மெட்ரிகுலேஷன்

சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ஆம் நாள், அப்போதைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார். தெலுங்குக் குடும்பம். நம் பாகான் டத்தோ பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நம்மோடு வாழும் தெலுங்குக் குடும்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த மண்ணுக்காரர். பள்ளிப் படிப்பில் கெட்டிக்காரர் இல்லை. 13 வயதில், காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பினவர். அம்மா பிடித்து இழுத்து வந்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். எஸ்.பி.எம். முடிவு வந்த மறுநாள் மூஞ்சியைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்க.

சென்னையில் ராமகிருஷ்ணா மடத்தோடு நெருக்கம் ஏற்பட்டு, துறவியாகிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அம்மா சம்மதிக்கவில்லை. மடத்திலும் மருத்துவம் படித்துச் சேவை செய் என்றுதான் வழி காட்டினார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பைக் கேட்டு அறுவைக் கூடத்துக்கே கதர் உடையில் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்தும் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியும் அமையாமல், சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுத்தார்.

இதற்கிடையில் அவருடைய சகோதரர்கள் இருவர் 'ஸ்ப்ரூ' என்ற வயிற்று நோயில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். சாப்பிட்டது உடலில் ஒட்டாது, ரத்தம் வற்றிப்போகும். அப்போது அதற்கு மருந்து இல்லை. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1922 அக்டோபரில் பாஸ்டன் நகரம் போய்ச் சேர்ந்தார். ஹார்வர்டில் வெப்பமண்டல நோய் மருத்துவம் படிப்பு. பணம் போதாமல் மருத்துவமனையில் இரவு நேரத்தில் நோயாளிகளின் மலச்சட்டி கழுவுவது வரைக்கும் எடுபிடி வேலை பார்த்தார். சில ஆண்டுகளில் திரும்பி வருவேன் என்று இளம் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனவர், திரும்பி வரவே இல்லை. அந்த அம்மா காத்திருந்ததுதான் மிச்சம். விஞ்ஞானிகளைப் புகழ்ந்து எழுதும்போது இதை ஒரு வரியில் தாண்டிவிடுவது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவருடைய கணக்கில் இதையும்தான் எழுத வேண்டும்.

நீல நிறம்

ஹார்வர்டில் உயிர்வேதியியல் துறைக்குத் தலைவர் ஓட்டோ ஃபோலின். மேலே சொன்ன லோரியின் கட்டுரை இருக்கிறதே, அதில் பயன்படும் கரைசலுக்கு இந்த ஃபோலின் பெயர்தான். அந்தத் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் சுப்பாராவ் வேலைக்குச் சேர்ந்தார். ஃபிஸ்க் கொடுத்த வேலை, ரத்தத்திலும் தசையிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று அளக்க ஒரு நல்ல வழி கண்டுபிடி என்பது. அதற்கு முன்பும் வழிகள் இருந்தன, ஆனால் நிறம் சீக்கிரம் மாறிப்போகும், கணக்கு தவறும்.

அவர்கள் கண்ட வழி இதுதான். மாதிரியில் அமிலத்தையும் மாலிப்டேட் உப்பையும் சேர்த்தால் பாஸ்பேட் அதோடு கூடிக்கொள்ளும். பிறகு நிறம் எழுப்பும் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தால் சில நிமிடத்தில் நீலம் தோன்றும். பாஸ்பேட் அதிகம் என்றால் கரு நீலம், குறைவு என்றால் வெளிர் நீலம். அளவு தெரிந்த ஒரு கரைசலின் நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். 1925-இல் கட்டுரை வந்தது. உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் ஆய்வுக்கூடமும் விலை உயர்ந்த கருவி இல்லாமல் செய்யலாம் என்பதால் தீ மாதிரி பரவியது. பல ஆயிரம் தடவை மேற்கோள் காட்டப்பட்டு, கார்ஃபீல்ட் தொகுத்த அதிக மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் பட்டியலிலும் இடம் பிடித்தது.

இன்றைக்கு நம்ம ஆளுங்க எத்தனை பேர் டயாலிசிஸ் போறாங்க என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார் போல. அவர்களுக்கு ரத்தத்தில் பாஸ்பேட் பார்ப்பாங்க, அளவு ஏறினால் எலும்பும் ரத்தக் குழாயும் கெடும். நான் வேலை செய்த காலத்தில் அந்தச் சோதனையை இயந்திரம்தான் செய்தது, நீல நிறமெல்லாம் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் உள்ளே ஊற்றுகிற கரைசல் என்ன? அதே மாலிப்டேட்தான்.

இந்த முறையைக் கையில் வைத்துக்கொண்டு தசைச் சாற்றை அளந்தபோது ஒரு விசித்திரம் நடந்தது. நீலம் உடனே வராமல் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. வேறு ஆளாக இருந்தால் மருந்து பழசு என்று கீழே ஊற்றியிருப்பார். இவர்கள் ஏன் தாமதம் என்று கேட்டார்கள். பாஸ்பேட் தனியாக இல்லை, ஏதோ ஒன்றோடு ஒட்டியிருக்கிறது, அமிலத்தில் மெல்ல மெல்ல விடுபடுகிறது என்பது தெரிந்தது. அதுதான் பாஸ்போகிரியாட்டின். 1927-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அதே சமயம் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியும் அதைக் கண்டிருந்தார்கள். தசை வேலை செய்யும்போது இது குறைகிறது, ஓய்வெடுக்கும்போது மறுபடி ஏறுகிறது. தசைக்குச் சக்தி தருவது லாக்டிக் அமிலம் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. தசையைப் பற்றிய ஆய்வுக்காக ஹில், மேயர்ஹோஃப் இருவருக்கும் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசுகூடக் கொடுத்தாகிவிட்டது. அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

அடுத்தது ஏ.டி.பி. ஜெர்மனியில் கார்ல் லோமன் 1929 ஆகஸ்டில் வெளியிட்டார். ஃபிஸ்க்கும் சுப்பாராவும் அதே ஆண்டு அக்டோபரில். இரண்டு மாத இடைவெளி. பாடப்புத்தகம் பெயர் சொன்னால் லோமன் பெயரைத்தான் சொல்கிறது.

செல்லுக்குள் ஏ.டி.பி. எப்படி வேலை செய்கிறது? மூன்று பாஸ்பேட் வால் மாதிரி தொங்கும். கடைசி ஒன்று அறுபடும்போது சக்தி வெளிவரும், அந்தச் சக்தியில் தசை சுருங்கும், நரம்பு செய்தி அனுப்பும், புரதம் தயாராகும். மீந்ததோடு உணவிலிருந்து வரும் சக்தியைக் கொண்டு மறுபடி ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். இது உடலின் நாணயம் மாதிரி எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் என்பதை ஃபிரிட்ஸ் லிப்மன் 1941-இல் விளக்கினார். நம் உடலில் ஒரு நேரத்தில் இருப்பது கொஞ்சம்தான், ஆனால் திரும்பத் திரும்பச் சுழல்வதால் ஒரு நாளில் ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்கு ஏ.டி.பி.யைச் செலவழிக்கிறோம். விடியற்காலையில் உங்கள் பாட்டி உளியைப் பிடித்துப் பால்மரத்துப் பட்டையைச் சீவிய ஒவ்வொரு இழுப்புக்கும், இப்போது அண்ணன்மார் செம்பனைக் குலை அறுக்கும் ஒவ்வொரு இழுப்புக்கும், இதுதான் கூலி கொடுக்கிறது.

மேற்கோள் எங்கே போனது?

இனி அந்தத் தங்கையின் கேள்விக்கு வருகிறேன்.

1925-ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதல் பெயர் ஃபிஸ்க், இரண்டாவது பெயர் சுப்பாராவ். கார்ஃபீல்டின் அச்சு அட்டவணையில் மேற்கோள் காட்டப்படும் கட்டுரையை முதல் ஆசிரியர் பெயரில்தான் அடுக்குவார்கள். ஆகவே உலகமே அந்த நீல நிறத்தைப் பயன்படுத்தியும், மேற்கோள் முழுவதும் அட்டவணையில் ஃபிஸ்க் பெயருக்குக் கீழே போய் உட்கார்ந்தது. சுப்பாராவ் என்று தேடினால் அது கிடைக்காது. யாரும் ஏமாற்றவில்லை, அட்டவணை அச்சடிக்கும் முறை அப்படி.

ஏ.டி.பி.க்கு நடந்தது வேறு. ஒரு கண்டுபிடிப்பு மிகவும் பொதுவாகிவிட்டால் யாரும் மூலக் கட்டுரையை எழுதமாட்டார்கள். தோசை சுடும்போது அதை முதலில் சுட்டவர் பெயரைச் சொல்கிறோமா? சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதைத் தனியாகக் கவனித்து எழுதியிருக்கிறார்: அறிவு ஊருக்குப் பொதுச் சொத்தானதும் அதைக் கொடுத்தவர் பெயர் கரைந்துபோகிறது என்று. அதாவது, ஓரளவு வெற்றி பெற்றால் மேற்கோள் ஏறும், முழு வெற்றி பெற்றால் மேற்கோள் நின்றுவிடும். எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது.

மூன்றாவது வகை, வெளியே வராமலே போனது. சுப்பாராவ் தனியாகப் பிரித்தெடுத்த சில நியூக்ளியோடைடுகள் ஃபிஸ்க்கின் காரணமாக வெளிச்சத்துக்கு வரவில்லை, பல ஆண்டு கழித்து மற்றவர்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸ் பின்னாளில் சொன்னார். ஹிட்ச்சிங்ஸ் அதே ஃபிஸ்க்கிடம் படித்தவர், 1988-இல் நோபல் பரிசு வாங்கியவர். வெளிவராத கட்டுரைக்கு மேற்கோள் ஏது?

ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்காமல், 1940-இல் நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்துக்கு முழு நேரமாகப் போனார். பிறகு அங்கே ஆய்வுத் துறைக்கே தலைவரானார். அங்குதான் அவருடைய பெரிய காலம்.

முதலில் ஃபோலிக் அமிலம். இதன் கதை பம்பாயில் தொடங்குகிறது. ஆலைத் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் ரத்தசோகையில் சாவதைப் பார்த்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், மார்மைட் கொடுத்தால் தேறுகிறார்கள் என்று 1931-இல் எழுதினார். ஆமாம், நாம கஞ்சியில் கலந்து சாப்பிடுகிற அதே மார்மைட். அதற்குள் இருந்த பொருள் என்ன என்பதைக் கண்டு, அதைச் செயற்கையாகத் தயாரித்தது 1940-களின் நடுவில் சுப்பாராவின் லெடர்லி குழு. அவருடைய சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அது மருந்தானது. இன்று கிளினிக் கெசிஹாத்தானில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சின்ன மாத்திரையும் அதுவே.

பாஸ்டனில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைப் பார்த்துக்கொண்டிருந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்தால் நோய் இன்னும் வேகமாகப் பெருகுவது போல இருப்பதைக் கவனித்தார். வேகமாகப் பிளந்து பெருகும் செல்லுக்கு அது தீனி. அப்படியானால் தீனியைப் போலவே தோற்றம் காட்டி, ஆனால் பயன்படாத ஒரு போலியைக் கொடுத்தால்? செல் அதை விழுங்கி, டி.என்.ஏ. செய்ய முடியாமல் நின்றுவிடும். அப்படிப்பட்ட போலிகளை ஃபார்பருக்குத் தயாரித்துக் கொடுத்தவர்கள் சுப்பாராவின் ஆட்கள். அமினோப்டெரின் என்று பெயர். 1948 ஜூனில் ஃபார்பரின் கட்டுரை வந்தது. 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் தணிந்தது. மருந்தால் ரத்தப் புற்றுநோயைப் பின்வாங்க வைக்க முடியும் என்று உலகம் கண்டது அங்கேதான். அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். இன்றும் ரத்தப் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கிறார்கள். அந்த 1948-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆசிரியர்கள் ஐந்து பேர். சுப்பாராவ் பெயர் ஐந்தில் இல்லை.

நமக்கு இன்னும் நெருக்கமானது ஒன்று உண்டு. யானைக்கால் நோய். உங்களில் யாரும் பார்த்திருக்கமாட்டீர்கள், பெரியவர்களைக் கேளுங்கள். மலாயாவில் ஆற்றோரச் சதுப்புக் காடுகளை ஒட்டிய கம்பங்களில்தான் அது அதிகம், தோட்டங்களில் அவ்வளவு இல்லை. மலாயாவின் பெயராலேயே 'புருகியா மலாயி' என்று ஒரு புழுவுக்குப் பெயர் இருக்கிறது, நமக்குக் கிடைத்த பெருமை அது! கொசு கடித்து உள்ளே வரும், அதன் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் ரத்தத்தில் ஓடும். அதனால் சுகாதார ஆட்கள் ராத்திரியில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். முன்பு இருந்தவை ஆர்செனிக், ஆன்டிமணி கலந்த மருந்துகள், புழுவோடு ஆளையும் வாட்டும். பசிபிக் தீவுகளில் போரிட்ட அமெரிக்க வீரர்களுக்கு இந்த நோய் வந்ததும்தான் அமெரிக்காவில் அவசரம் பிறந்தது. லெடர்லியில் பருத்தி எலிகளில் வரிசையாக மருந்துகளைச் சோதித்து ஹெட்ராசான் என்ற ஒன்றைக் கண்டார்கள். இன்று டி.இ.சி. என்று சொல்கிறோம். 1947-ஆம் ஆண்டுக் கட்டுரை. அதில் சுப்பாராவ் பெயர் இருக்கிறது, கடைசியாக. 2000-த்துக்குப் பிறகு நம் நாட்டில் யானைக்காலை ஒழிக்க ஊர் ஊராக மாத்திரை கொடுத்தபோதும் கொடுத்தது டி.இ.சி.யும் அல்பென்டசோலும்தான்.

ஒரு மாத்திரையை விழுங்குகிறவர் மேற்கோள் காட்டுவதில்லை. அதற்கு அட்டவணையில் இடமும் இல்லை.

சுப்பாராவ் 1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்தார். அமினோப்டெரின் கட்டுரை வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தலை வெளியிட்டது நூற்றாண்டான 1995-இல்.

ஆக, தங்கை கேட்டதற்கு என் பதில் இது. அந்த எண் பொய் இல்லை. ஒரு வேலையை எத்தனை ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரையில் எடுத்தாண்டார்கள் என்பதைச் சொல்கிறது. எடுத்தாளாமல் விட்டது, விழுங்கியது, பாடப்புத்தகத்தில் கரைந்தது எதுவும் அதில் சேராது. துறைக்குத் துறையும் வேறுபடும். உயிரணு ஆய்வில் ஆயிரக்கணக்கானோர் எழுதுகிறார்கள், அதனால் எண் சீக்கிரம் ஏறும். சதுப்புநிலக் கொசுவை ஆராய்கிறவர் உலகத்திலேயே சில பேர், அவர்களுக்கு எண் சின்னதாகத்தான் இருக்கும். கொசு கடிப்பது மட்டும் சின்னதாக இருக்காது. மேல்படிப்பா, வேலையா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும், வீட்டுச் சூழ்நிலை எனக்கு முழுசாகத் தெரியாது. ஆனால் இந்த எண்ணைப் பார்த்துப் பயந்து முடிவெடுக்க வேண்டாம் என்று சொன்னேன். எந்த மேற்பார்வையாளரிடம் சேர்கிறாய், மாணவர் பெயரைக் கட்டுரையில் எங்கே போடுகிறார், பழைய மாணவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை முதலில் விசாரி என்றும் சொன்னேன். சுப்பாராவின் கதையில் அதுதான் பெரிய விஷயமாக எனக்குத் தெரிகிறது. எண்ணை ஏற்றித் தருகிறோம், பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை போடுகிறோம் என்று மின்னஞ்சல் வரும், அதைத் திறக்கவே வேண்டாம்.

இன்னொன்று, நம் பெயர்ச் சிக்கல். சுப்பாராவின் பெயரையே ஒரே சொல்லாகவும் இரண்டு சொல்லாகவும் பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். நம்ம பிள்ளைகளுக்கு இது இன்னும் மோசம். அடையாள அட்டையில் ஏ/எல், ஏ/பி நடுவில் நிற்கும், குடும்பப் பெயர் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் முதல் கட்டுரையில் அவன் அப்பா பெயரே ஆசிரியர் பெயராக ஏறிவிட்டது. இரண்டாவது கட்டுரையில் அவன் பெயர். கணினி இரண்டு பேர் என்று கணக்கு வைத்துக்கொண்டது. அப்பாவுக்குச் சந்தோஷம்தான், தோட்டத்தில் லாரி ஓட்டினவர் பெயர் ஆய்விதழில் வந்துவிட்டது! ஆனால் தம்பிக்கு அந்த மேற்கோள்கள் சேரவில்லை. இதற்கு வழி இருக்கிறது. 2012 முதல் ஓர்கிட் என்ற 16 இலக்க எண்ணை ஆராய்ச்சியாளர்களுக்கு இலவசமாகத் தருகிறார்கள். பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் முதல் கட்டுரை அனுப்பும் முன்பே அதை எடுத்துவிடுங்கள். பெயரை எப்படி எழுதப்போகிறீர்கள் என்பதையும் ஒரே தடவை முடிவு செய்து, கடைசி வரை அப்படியே எழுதுங்கள்.

அடுத்த வகுப்புக்கு வேலை. படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகள் உங்கள் உயிரியல் புத்தகத்தில் கண்டுபிடித்தவர் பெயர் போடாத ஒரு பொருளை எடுத்து, அதை யார் கண்டார்கள், எந்த ஆண்டு என்று தேடி வாங்க. படிவம் ஆறிலும் மெட்ரிகுலேசியிலும் இருப்பவர்கள் லூசி வில்ஸைப் பற்றி ஐந்து நிமிடம் பேசத் தயாராகுங்க. பல்கலைக்கழகப் பிள்ளைகள் உங்கள் துறையில் ஒரு கட்டுரையை எடுத்து, அதன் கடைசிப் பட்டியலில் எத்தனை முறைக் கட்டுரை, எத்தனை கண்டுபிடிப்புக் கட்டுரை என்று எண்ணி வாங்க. வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் ராத்திரியில் ரத்தம் எடுக்க வந்தவர்களைப் பற்றிக் கேட்டு, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு வாங்க. எந்த ஊர், எந்தத் தோட்டம், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்க.